வெளுத்துப்போன பிளக்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் நீட்ட வேண்டியவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு வண்டியின் கதை சொல்லப்போகிறேன். அது ஏன் விழுந்தது, யார் விழவைத்தது என்று நீங்களும் யோசித்துக்கொண்டே வாருங்கள். தடயம் எதையும் ஒளித்துவைக்க மாட்டேன். ஆனால் முடிவில் கை தட்டுகிற கதை இல்லை இது. அதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. குளமெல்லாம் வறண்டு வாய் பிளந்து கிடந்தது. பாளையங்கோட்டையில் பாபநாசம் என்று ஒருவர் இருந்தார். விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பிரித்துப் பார்த்து, எதனால் விபத்து என்று இன்சூரன்ஸ்காரர்களுக்கு எழுதிக் கொடுக்கும் சர்வேயர். பேச்சு குறைவு, மூக்குப்பொடி அதிகம். பொடி போட்டுப் போட்டு மூக்கு செத்துப்போயிருந்தது. அவர் மனைவி ராஜேஸ்வரி பள்ளிக்கூடத்தில் ரசாயன டீச்சர். அவர் சந்தேகப்பட ஆரம்பிப்பதற்குள் இவள் தீர்ப்பே எழுதிவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். எண்ணெய் காணாத தலை, அழுது அழுது வீங்கிய முகம்.

"சீவலப்பேரியில இருந்து வாரேன், சார். பேரு கலைச்செல்வி. குளத்துல வண்டி ரேஸுல செத்துப்போனாம்லா இசக்கிராஜா, அவன் தங்கச்சி."

"உள்ள வாம்மா," என்றாள் ராஜேஸ்வரி. "முதல்ல இந்தக் காப்பியைக் குடி."

குடித்தாள். பிறகு சொன்னாள்.

வருஷா வருஷம் கோடையில், வறண்ட குளத்துப் படுகையில் வாலிபர்கள் மண் தடம் போட்டு வண்டிப் போட்டி நடத்துவார்கள். இசக்கிராஜா ஓட்டியது பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி. விளக்கு, மட்காடு எல்லாம் கழற்றி, பல்லுவைத்த டயர் மாட்டி, மண்ணில் பாய்வதற்கென்றே தயார் செய்தது. தயார் செய்தவன் சுடலைக்கண்ணு, அவனுடைய மாமன் மகன். தாய் தகப்பன் இல்லாமல், இவர்கள் வீட்டிலேயே வளர்ந்து மெக்கானிக் ஆனவன். கடைசிச் சுற்றில், நீளமான நேர்த் தடத்தில், முழு வேகத்தில் எஞ்சின் இறுகிப் பின்சக்கரம் அப்படியே நின்றது. இசக்கிராஜா மடைக் கல்லில் போய் விழுந்தான். எழுந்திருக்கவில்லை.

"பெட்ரோல்ல ஆயில் கலக்காம விட்டாத்தான் எஞ்சின் அப்படிப் பிடிக்குமாம். வேணும்னே கலக்காம விட்டுட்டான்னு சுடலை மச்சானைப் பிடிச்சு உள்ள போட்டுட்டாவ, சார். முந்தின வாரம் டீக்கடையில வச்சு அண்ணனைப் பாத்து, 'சூடு ஆறவிடாம இப்படி முறுக்குனா ஒரு நாளு பொணமாத்தாம்லே இறங்குவே'ன்னு மச்சான் கத்துனது வாஸ்தவம். அதுக்கும் சாட்சி இருக்கு. இன்னொண்ணும் சொல்லுதாவ. வண்டி விழுததுக்கு முன்னாலயே மச்சான் தடத்துக்குள்ள ஓடுனானாம். விழப்போவுதுன்னு தெரியாம எப்படி ஓடுவாம்னு கேக்காவ."

"புகார் யார் கொடுத்தது?" என்றார் பாபநாசம்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எங்கம்மைதான். பேச்சித்தாய். பெத்த மவனும் போயி, வளத்த மவனும் போயி, வீட்டுல அடுப்பே எரியல. நான் இங்கன வந்தது அவளுக்குத் தெரியாது. மச்சானுக்குத்தான் என்னையப் பேசி வச்சிருந்தாவ, சார்."

"நான் உண்மையைக் கண்டுபிடிச்சாலும் உங்க அண்ணன் வரமாட்டான்மா."

"வீட்டுல ஒருத்தராவது மிஞ்சட்டும், சார்."

அவ்வளவுதான் கேட்டாள், கண்ணுகளா. ஒருத்தராவது மிஞ்சட்டும் என்று.

அவள் போனதும் ராஜேஸ்வரி, "பொண்ணு விஷயமா ரெண்டு பேருக்கும் தகராறு இருந்திருக்கும். கோவத்துல ஆயிலை ஊத்தாம விட்டுட்டான். நீங்க வேணா பாருங்க," என்றாள்.

"பாப்போம்," என்றார் பாபநாசம். அவர் அகராதியில் அதற்கு மேல் நீளமான வார்த்தை கிடையாது.

அன்று மத்தியானமே இருவரும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். வேப்பமரத்தடியில் வண்டி சாய்ந்து கிடந்தது. பெட்ரோல் தொட்டி நசுங்கிப் பிளந்து, உள்ளே ஒரு சொட்டு இல்லை. அவருக்குப் பழக்கமுள்ள ஏட்டையா, "பாத்துட்டுப் போங்க அண்ணாச்சி. பாக்க என்ன இருக்கு? ஆயில் இல்ல, எஞ்சின் பிடிச்சிட்டு," என்றார்.

பாபநாசம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். அதன் நுனி விபூதி மாதிரி வெளுத்திருந்தது.

"நல்லா ஓடுன எஞ்சின் பிளக் காப்பிக்கொட்டை நிறத்துல இருக்கும்," என்றார். "பெட்ரோல் போதாம, காத்து கூடிப்போனா இப்படி வெளுக்கும். எஞ்சின் உள்ள அடுப்பா எரிஞ்சிருக்கு."

"அப்ப ஆயில் இல்லைங்கது சரிதானே?"

"ஆயில் வேற, பெட்ரோல் வேற, ராஜி. பொறு."

டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு எஞ்சினுக்கென்று தனியாக ஆயில் ஊற்றுவதில்லை. பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுவார்கள். பெட்ரோல் எரியும், ஆயில் உள்ளே பூசிக்கொண்டு தேய்மானத்தைத் தடுக்கும். ஊருக்குள் ஓட்டும் வண்டிக்கு இருபத்தைந்து பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் தாராளம். போட்டிக்குக் கொஞ்சம் கூட்டுவார்கள். இதெல்லாம் ராஜேஸ்வரிக்கும் தெரியும்.

அடுத்து அவர், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினார். விழுந்து இத்தனை நாளில் பெட்ரோல் ஆவியாகிப் போயிருந்தது. ஆவியாகாத ஆயில் மட்டும் அடியில் தங்கியிருந்தது. இருக்க வேண்டியதைவிட எவ்வளவோ அதிகம். கிண்ணத்தில் கொழகொழவென்று நின்றது. அதன் நிறம் பச்சை.

"சுடலைக்கண்ணு பட்டறையில எந்த ஆயில் வச்சிருக்கான்னு பாத்தீரா?" என்று ஏட்டையாவிடம் கேட்டார்.

"கடையில விக்குத டூ-டி ஆயில்தான். நீலமா இருக்கும்லா, அது."

"நீலம்," என்று பாபநாசம் தனக்குள் சொல்லிக்கொண்டு, அந்தப் பச்சையை ஒரு மருந்துக் குப்பியில் சேகரித்தார். "ராஜி, என் மூக்கு உதவாது. மோந்து பாரு."

ராஜேஸ்வரி குனிந்தாள். "பெட்ரோல் நாத்தந்தான்." பிறகு முகத்தைச் சுளித்து, "இல்ல, யாரோ பக்கத்துல விளக்கைக் குளிர வச்சிருக்காவ. அந்த வாசனையும் சேர்ந்து அடிக்குது," என்றாள். சுற்றிலும் பார்த்தாள். அங்கே விளக்கும் இல்லை, கோயிலும் இல்லை. சட்டென்று அவளுக்கு வேறொன்று தோன்றிவிட்டது.

"ஏங்க! மாஞ்சோலை! அந்தப் பொண்ணு சொல்லாட்டியும் இந்த ஊர்ல மண்ணு வண்டி ஓட்டுதவன் எல்லாம் மாஞ்சோலை ரோட்டுலதானே பழகுதான். மலையில காத்து லேசு. அதுக்குத் தக்கன பெட்ரோலைக் குறைக்க, கார்புரேட்டர்ல சின்ன ஓட்டை உள்ள ஜெட் மாட்டுவாவ. கீழ வந்ததும் பெரிய ஜெட்டை மாத்தாம விட்டா, பெட்ரோல் பத்தாம பிளக் வெளுக்கும், எஞ்சின் பிடிக்கும். மாத்தாம விட்டுட்டான்!"

"இசக்கிராஜா மாஞ்சோலையில போய் ஓட்டுனது உண்மைதான்," என்றார் ஏட்டையா, அவளை மரியாதையாகப் பார்த்து. "அவன் பெரியம்மை அங்க எஸ்டேட்ல இருக்கா."

பாபநாசம் ஜெட்டைத் திருகி எடுத்தார். கொண்டைக்கடலையைவிடச் சிறிய பித்தளைத் துண்டு, நடுவில் ஊசி முனை ஓட்டை. பக்கவாட்டில் பொறித்திருந்த எண்ணை வெளிச்சத்தில் படித்தார்.

"பெரிய ஜெட்தான். சுடலைக்கண்ணு மறக்காம மாத்தியிருக்கான்."

ராஜேஸ்வரியின் முகம் விழுந்தது. ஆனால் அவர் ஜெட்டைக் கீழே வைக்கவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டை வழியாகச் சூரியனைப் பார்த்தார். வெளிச்சம் வரவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உரித்து, சீவி, பைய உள்ளே விட்டுத் தள்ளினார். மயிரிழைபோல ஒரு நூல் துணுக்கு வெளியே வந்தது. ஒரு முனை வெள்ளை, மறு முனை கரி.

"சட்டை நூலா?" என்றாள் ராஜேஸ்வரி.

"சட்டை நூல் எதுக்குக் கரியணும்?" என்றார். தொட்டிக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் குழாயையும் கழற்றிப் பார்த்தார். குப்பை வராமல் தடுக்கும் சிறு வலை அங்கே இல்லை. தடையில்லாமல் பெட்ரோல் பாயட்டும் என்று போட்டிக்காரர்கள் அதை எடுத்துவிடுவது வழக்கம்.

மறுநாள் அவர்கள் குளத்துக்குப் போனார்கள். போட்டியன்று கரைமேல் வடைக்கடை போட்டிருந்தவள் ஷரீபா பீவி. அவள் வீடு பக்கத்திலேயே இருந்தது.

"புகையா? ஏன் கேக்கிய! மத்த வண்டியெல்லாம் நூலு மாதிரி புகை விட்டுது. அந்தப் பய வண்டி நெல்லு அவிக்க மாதிரி விட்டுதுல்லா," என்றாள். "அதுல ஒரு கூத்து கேளுங்க. நல்லெண்ணெய் காந்துத வாசம். எல்லாரும் என் சட்டியப் பாக்கான். ஏலே, நான் பாமாயில்ல வடை சுடுதவ, நல்லெண்ணெய்க்கு எங்கலே போவேன்னு ஏசுனேன். அந்த நேரத்துலதான் மெக்கானிக்குப் பையன் என் பக்கத்துல நின்னு வடை தின்னுக்கிட்டிருந்தான். மூக்கை உறிஞ்சுனான். கையில இருந்த வடையப் போட்டுட்டு ஓடுனான் பாருங்க! 'நிறுத்துலே, நிறுத்துலே'ன்னு கத்திக்கிட்டே ஓடுனான். அவன் தடத்துக்குப் போயிச் சேரலை. அதுக்குள்ள... அல்லாவே, அதை நான் சொல்லமாட்டேன்."

"போலீஸ்ல இதைச் சொன்னியளாம்மா?"

"ஓடுனானான்னு கேட்டாவ. ஓடுனான்னு சொன்னேன். எதுக்கு ஓடுனாம்னு கேக்கலையே."

சிறையில் சுடலைக்கண்ணுவைப் பார்க்க அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் கை கட்டி நின்றான். நகக்கண்ணில் இன்னும் கிரீஸ் இருந்தது.

"ஆயில் கலந்தேன், சார். சாயங்காலமே கலந்து, ரொப்பி, வண்டியை அத்தை வீட்டு முத்தத்துல நிறுத்திட்டுப் போனேன். ஜெட் மாத்துனேன். வலையைக் கழத்துனதும் நான்தான். அது என் தப்பு. போதும்லா?"

"நல்லெண்ணெய் வாசம் அடிச்சுதாமே தம்பி?"

அவன் முகத்தில் ஓர் அச்சம் வந்து போனது. தனக்காக வந்த அச்சமாக அது தெரியவில்லை.

"தொட்டியில ஏதாவது மிச்சம் இருந்துதா, சார்?" என்றான்.

"தொட்டியில இல்ல. கிண்ணத்துல இருந்துது."

"அதைக் கீழ ஊத்திருங்க, சார். உங்களுக்குப் புண்ணியமாப் போவும். எனக்குத் தண்டனை கெடச்சா கெடைக்கட்டும். நீங்க சீவலப்பேரிக்குப் போவாதிய."

வெளியே வந்ததும் ராஜேஸ்வரி, "பாத்தியளா, குப்பியக் கொட்டச் சொல்லுதான். இவன்தான்!" என்றாள்.

"யாரோ ஒருத்தர் செஞ்சதை இவன் மறைக்கான்," என்றார் பாபநாசம். "தனக்குத் தண்டனை வந்தாலும் பரவாயில்லைன்னு யாருக்காக ஒருத்தன் மறைப்பான், யோசி."

அவள் பஸ்ஸில் வழி நெடுக யோசித்துக்கொண்டே வந்தாள். அதுவே ஓர் அதிசயம்.

பேச்சித்தாய் வயலில் இருந்தாள். சிற்றாறு தாமிரபரணியில் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில், குத்தகைக்கு எடுத்த கொஞ்ச வயல். கிணற்றடியில் செங்கல் கொட்டகைக்குள் பழைய டீசல் எஞ்சின். அவள் புருஷன் கொம்பையா இருந்த காலத்தில் வாங்கியது. இவர்களை இன்சூரன்ஸ்காரர்கள் என்று கலைச்செல்வி அறிமுகப்படுத்தினாள்.

"உக்காருங்க, சார். இந்த எஞ்சினைக் கிளப்பிட்டு வந்திருதேன். பயிரு என்ன செஞ்சுது, அது காயக்கூடாது," என்றாள் பேச்சித்தாய்.

சுவர் மாடத்தில் இசக்கியம்மன் படம். அதன் முன்னால் ஒரு மண் அகல். அவள் விளக்கைக் கைவீசிக் குளிரவைத்தாள். அகலில் மிச்சமிருந்த எண்ணெயை அப்படியே எடுத்து, டீசல் தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே சாய்த்தாள். பிறகு கும்பிட்டுவிட்டு இரும்புக் கைப்பிடியைச் சுற்றினாள். எஞ்சின் டப் டப்பென்று எழுந்தது.

"எப்பவும் இப்படித்தானாம்மா?" என்று கேட்டார் பாபநாசம்.

"அம்மன் எண்ணெய், சார். எங்க பக்கத்துல எஞ்சினுக்கு இது ஊத்தாமக் கிளப்பமாட்டோம். இது வந்த நாள்ல இருந்து ஒரு தடவை மக்கர் பண்ணுனது இல்ல."

குளிர்ந்த விளக்கின் வாசனை கொட்டகையெல்லாம் பரவியது. ராஜேஸ்வரி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஆற்றங்கரையில் கலைச்செல்வி அவர்களைப் பிடித்தாள். "என்ன சார், சொல்லாமப் போறிய?"

பாபநாசம் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். கோடைத் தண்ணீர், கணுக்காலுக்குத்தான் ஓடியது.

"சுடலைக்கண்ணு கொலைகாரன் இல்லம்மா. ஆயில் இல்லாம எஞ்சின் பிடிக்கலை. ஆயில் இல்லாட்டி அம்புட்டுப் புகை வராது, கிண்ணத்துல அம்புட்டு மிச்சம் இருக்காது. அவன் கலந்தது நீல ஆயில். அதுல மஞ்சளா இன்னொரு எண்ணெய் சேர்ந்தாத்தான் பச்சையாவும். சேர்ந்தது நல்லெண்ணெய். அதோட ஒரு கரிஞ்ச திரி நூலும் போயிருக்கு. வலை இல்லாததால அது நேரா ஜெட்டுக்கு வந்து அடைச்சுட்டு."

"எண்ணெய்தானே சார்? கூடுனா என்ன?"

"எண்ணெய் கூடுன அளவுக்குப் பெட்ரோல் குறையும். கொழகொழப்பும் கூடும், சின்ன ஓட்டையில பாயாது. மிச்ச வழியையும் நூல் அடைச்சிருக்கு. உள்ள போற பெட்ரோல்தான் எஞ்சினைக் குளிர வைக்கும். அது வராம, முழு முறுக்குல, பிஸ்டன் சூட்டுல பெருத்துச் சிலிண்டரைக் கவ்விட்டு. டீசல் எஞ்சின் எந்த எண்ணெயையும் தின்னுட்டு ஓடும். இந்த வண்டிக்கு அது ஆகாது. சுடலைக்கண்ணு வாசம் பிடிச்ச உடனே புரிஞ்சிட்டு. நிறுத்தத்தான் ஓடியிருக்கான்."

"ரேஸுக்குப் போற அன்னைக்கு நான் கோலம் போட்டுக்கிட்டிருந்தேன்," என்றாள் கலைச்செல்வி. "அம்மை வண்டிக்குப் பக்கத்துல நின்னு கும்பிட்டுக்கிட்டிருந்தா. அகலு கையில இருந்துது."

ராஜேஸ்வரி அவள் தோளை அணைத்துக்கொண்டாள். அன்று அவளிடம் தீர்ப்பு எதுவும் இல்லை.

"ஜெட்ல நூல் அடைச்சு விபத்துன்னு எழுதுதேன்," என்றார் பாபநாசம். "நூல் எங்க இருந்து வந்ததுன்னு தெரியலைன்னு எழுதுதேன். அவன் வெளிய வர அது போதும். நான் இதுவரைக்கும் தெரிஞ்சதைத் தெரியலைன்னு எழுதினது இல்ல. இதை எழுதுவேன்."

எழுதினார். ஷரீபா பீவியும் வந்து, எதற்கு ஓடினான் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். சுடலைக்கண்ணு வெளியே வந்தான். இங்கேயே நிறுத்திக்கொள்ளலாமா என்று எனக்கும் ஆசைதான், கண்ணுகளா.

ஒரு நாள் முற்பகலில் பேச்சித்தாய் தனியாக டவுன் பஸ் ஏறி, பாபநாசத்தின் வீட்டைத் தேடி வந்தாள். நடு வீட்டில் தரையில் உட்கார்ந்தாள். நாற்காலி போட்டும் ஏறவில்லை.

"நூலு அடைச்சிட்டுன்னு சொன்னாவ, சார். கரிஞ்ச நூலாம். அது எங்க இருந்து வந்துது?"

"குளத்துப் படுகையில குப்பைக்கா பஞ்சம்மா? எங்கனயோ இருந்து..."

அவள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையைத் திறந்து, பாதி எரிந்த ஒரு திரியை எடுத்துத் தரையில் வைத்தாள். "நான் திரிக்க திரி, சார். இதான?"

பாபநாசம் குனிந்து திரியைப் பார்த்தார். ராஜேஸ்வரி அடுக்களை வாசலில் நின்றாள்.

"அன்னைக்குக் கொட்டகையில உங்க வீட்டம்மா மூக்கைப் பொத்திக்கிட்டுப் போனாவ. அப்பவே ஏதோ உறுத்திச்சு. சுடலை வெளிய வந்த பெறவு அந்த நூலைப் பத்திக் கேட்டேன். 'உங்க மேல ஒண்ணும் இல்ல அத்தை'ன்னான். என் மேலயான்னா நான் கேட்டேன்?" அவள் திரியைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "ஆயில் குறைஞ்சாத்தான் எஞ்சின் பிடிக்கும்னு போலீஸ்ல சொன்னாவ. நான் ஒரு அகலுதான ஊத்துனேன், இன்னொரு அகலு ஊத்தியிருந்தா எம்புள்ள இருந்திருப்பானோன்னு தெனமும் நெஞ்சுல அடிச்சுக்கிட்டேன், சார்."

ராஜேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தெரியாம செஞ்சதும்மா அது," என்றார் பாபநாசம்.

"தெரியாமன்னு சொல்லாதிய. தெரிஞ்சுதான் ஊத்துனேன். காக்கணும்னு ஊத்துனேன்." திரியைப் பார்த்தபடியே, "சுடலைக்கு அப்பமே தெரியுமா?" என்றாள்.

"தெரியும்மா."

"தெரிஞ்சுக்கிட்டேயா நான் குடுத்த புகாருக்கு உள்ள போயி இருந்தான்?"

"ஆமாம்மா."

அவள் எழுந்தாள். திரியை எடுத்துக்கொள்ளவில்லை. வாசற்படியில் நின்று, "அவனை எந்த முகத்தோட சாப்பிடக் கூப்பிடுவேன்?" என்று கேட்டாள்.

கூப்பிடவும் இல்லை. அவனும் வரவில்லை. அத்தை முகத்தைப் பார்த்தால் அவளுக்குத்தான் கஷ்டம் என்று, சுடலைக்கண்ணு பட்டறையைப் பூட்டிவிட்டு உவரிப் பக்கம் போய், படகு எஞ்சின் பார்க்கிற வேலையில் சேர்ந்துவிட்டான். அவனுக்குப் பேசி வைத்த பெண், தாயைத் தனியே விட முடியாமல் சீவலப்பேரியிலேயே இருந்தாள். ஒருத்தராவது மிஞ்சட்டும் என்று கேட்டாள் அல்லவா, மூன்று பேர் மிஞ்சினார்கள். ஒரே வீட்டில் இல்லை. கொட்டகை மாடத்தில் அதற்குப் பிறகு விளக்கு எரியவில்லை. கோடை வயல் அப்படியே காய்ந்தது. எஞ்சின் என்னவோ நன்றாகத்தான் இருந்தது; கிளப்பத்தான் ஆள் இல்லை.

பாபநாசம் அந்தத் திரியை வெளியே எறியவும் இல்லை, எடுத்து வைக்கவும் இல்லை. ராஜேஸ்வரிதான் ஒரு நாள் பெருக்கும்போது குனிந்து எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, ஆற்றில் விட்டுவிட்டு வந்தாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்திருங்கள், நேரமாகிறது. உங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டுப் போகிறவர்கள் எல்லாரும் போன கால் நோகாமல் திரும்பி வரட்டும். உங்கள் மேல் யார் வைக்கிற அன்பும் உங்களுக்கு இதமாகவே வந்து சேரட்டும். உங்கள் அடுப்பும் விளக்கும் ஒரு நாளும் அணையாமல், ஒரே தட்டில் பலபேர் கை நனைக்கிற வீடாக உங்கள் வீடு இருக்கட்டும்.